களம் என்று எழுதிய குளம்

அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். செஞ்சிக் கோட்டை தெரியவில்லை, ராஜகிரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், இந்த மாதத்தில் இரண்டாவது. நைனாவிடம் சொல்லவில்லை.

இன்று செய்ய வேண்டியவை: சைட்டின் மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்து முடிப்பது. தாலுக்கா ஆபீசில் மனு எந்த மேஜையில் என்று கேட்பது. செருப்பு வார் தைப்பது.

நடந்தது செருப்பு மட்டும்.

ஆனாலும் மனசு குதிக்கிறது. திண்டிவனம் ரோட்டில் எங்கள் குடோன் வரப்போகிறது, இருநூறு அடி நீளம், மல்லாட்டை (பிளானில் 'நிலக்கடலை') மூட்டை அடுக்க. மெட்ராஸ் கம்பெனி. எட்டு ஏக்கர் வாங்கியாயிற்று. நடுவில் ஒன்றேகால் ஏக்கர் மட்டும் சர்க்கார் நிலம், பதிவேட்டில் 'களம் புறம்போக்கு'. ஊர்ப் பொதுவில் நெல்லடிக்கிற இடம். இப்போது அங்கே யாரும் அடிப்பதில்லை, அதனால் அதை எங்களுக்குக் கொடுங்கள், பதிலுக்கு வேறு இடம் தருகிறோம் என்று மனு. தாசில்தார் வந்து பார்த்தால் தீபாவளிக்குள் ஆர்டர். ஆர்டர் வந்தால் நான் நிரந்தரம். மேனேஜர் (இனி மே., கை வலிக்கிறது) தன் வாயால் சொன்னது.

டிப்ளமா சிவில், இருபத்து மூன்று வயது, இன்று வரை தற்காலிகம்.

பிளான் மூலையில் 'வரைந்தவர்: செ. மல்லிகா'. எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுத வெட்கம்.

அக்டோபர் 17, வியாழன்

நேற்று முழுக்க அடைமழை. இன்று வெயில். லெவல் மிஷினும் ஏழுமலையுமாக சைட்டுக்கு. ஏழுமலை அளவுகோல் பிடிப்பவர். நைனா வயசு. என்னை 'மேடம்' என்பார், அதில் பாதி கிண்டல்.

போன மாதம் காய்ந்த தரையாகப் பார்த்த களத்தைக் காணோம். முழங்கால் தண்ணீர். அல்லி இலை. நாரை ஏழெட்டு. தவளை போட்ட சத்தத்தில் நான் சொன்ன எண் ஏழுமலைக்குக் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தைத்த செருப்பு சேற்றோடு போய்விட்டது. தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை, சனியன்.

கரையில் எருமை ஓட்டி வந்த ஒரு அம்மா, கன்னியம்மா. கீழே அவருக்கு ஒரு ஏக்கர் நெல்லு. அளவுகோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பொண்ணே, எங்க குளத்துல கோலு நட்டுக்கினு இருக்கற?"

களம் என்று ரெக்கார்டில் இருக்கிறதே என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எருமையே திரும்பியது.

"தண்ணிக்குள்ள எவளாச்சும் நெல்லு அடிப்பாளா?"

ஏழுமலையும் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கன்னியம்மா விடாமல் சொன்னது: மலையிலிருந்து வரும் வாய்க்கால் இதில்தான் விழும், இதிலிருந்து மடை வழியாகக் கீழே பன்னிரண்டு பேர் வயலுக்குப் பாயும், தை வரை தாங்கும். இதில் குடோன் வந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் மூட்டை தூக்க வரவேண்டியதுதான்.

கடைசி வார்த்தை உறைத்தது. வீட்டுக்கு வெறுங்காலோடு வந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! நானே! தனியாக!

தாலுக்கா ஆபீஸ். ரெக்கார்டு ரூம் பாஷா சாயபு மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். புது நகல் காட்டினார்: களம். பழசைக் காட்டுங்கள் என்றேன். "கேட்டா காட்டுவேன். இத்தினி நாளா யாரும் கேக்கல." ஏணி வைத்து ஏறி, தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தார். துணி அட்டை, கரையான் தின்ற ஓரம். அதே சர்வே நம்பர். அதே ஒன்றேகால் ஏக்கர்.

குளம் புறம்போக்கு.

'கு'. கீழே சுழி முழுசாக, வாத்தியார் எழுதிக் காட்டுவதுபோல. நகல் எடுத்த யாரோ ஒருவர் சுழியை விட்டுவிட்டார். குளம் களமாகிவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பார்த்து இன்னொரு நகல், அதைப் பார்த்து எங்கள் மனு.

பாஷா சாயபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு சுழி தாம்மா. அத போட மறந்தவனுக்கு பென்ஷன் வந்துக்கினு இருக்குது."

ஆபீஸ் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை காற்றில் நடந்தேன். டீ குடித்தேன். பாதி டீயில்தான் மண்டையில் ஏறியது: குளம் என்றால் தாசில்தார் கையெழுத்து போதாது. பொதுப்பணித்துறை, கலெக்டர் ஆபீஸ், மாதக்கணக்கு. தீபாவளி ஆர்டர் போச்சு. என் வேலையும்.

மீதி டீயைக் குடிக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

மே.யிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ரொம்பப் பொறுமையாக, ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்வதுபோல், எந்த ரெக்கார்டு இப்போது நடப்பில் இருக்கிறதோ அதுதான் ரெக்கார்டு என்றார். நாம் திருடவில்லை, பொய் எழுதவில்லை, சர்க்கார் எழுதியதைத்தான் எழுதுகிறோம் என்றார். கேட்டால் நியாயம் மாதிரியே இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். இடத்தின் நிலை: மேட்டு நிலம், நீர் தேங்காதது. கீழே என் பெயர் டைப் அடித்து, மேலே கையெழுத்துக்கு இடம். வியாழக்கிழமை தாசில்தார் வருகிறார், அதற்குள் போட்டுக் கொடு.

தாளைப் பையில் வைத்திருக்கிறேன். பையைத் தொட்டால் தேள் இருப்பதுபோல் இருக்கிறது.

நைனா சைக்கிள் கடையை மூடிவிட்டு வந்ததும் சொன்னேன். பங்க்சர் ஒட்டின கையைக் கழுவிக்கொண்டே, "உன் கால்ல சேறு இருக்கும்போது மேட்டு நெலம்னு எப்டி எழுதுவ" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் குழம்பில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் போய்விட்டார். உப்பு இல்லைதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையிலேயே பிளானை விரித்தேன். அழத்தான் விரித்தேன் என்று நினைக்கிறேன். அழுகை வரவில்லை, வேறு ஒன்று வந்தது.

லெவல் எடுத்துப் போட்ட மட்டக் கோடுகளைப் பார். மலை வாய்க்கால் குளத்தில் விழுவதற்கு முன்னால் எங்கள் எட்டு ஏக்கரின் வடக்கு மூலையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அந்த மூலை தாழ்வு, குடோனுக்கு உதவாத இடம். அங்கே ஒரு புதுக் குளம் வெட்டினால்? பழையதைவிடப் பெரிதாக, ஒன்றே முக்கால் ஏக்கர். வாய்க்காலை அங்கேயே திருப்பலாம். அங்கிருந்து பழைய மடைக்குச் சரிவு இருக்கிறதா? இருக்கிறது! ஓர் அடி நாலு அங்குலம்! மூன்று தடவை கழித்துப் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. குடோன் தரையை உயர்த்த லாரி லாரியாக மண் வெளியிலிருந்து வர வேண்டும், மே. தினமும் புலம்பும் விஷயம். குளம் வெட்டினால் அந்த மண் எங்கே போகும்? தரைக்கு!

கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்ன கடித்தது என்று கேட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

புதுப் பிளானை நேற்றே மே.யிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறதாம். முதலில் ஆர்டர் வரட்டும், பிறகு உன் குளத்தை வெட்டிக்கொள்ளலாம் என்றார். பிறகு என்பது எப்போதும் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். பிளான் அவருக்குப் புரியாது என்று நினைத்தது என் திமிர். தரையில் விரித்ததும் வாய்க்கால் எது, மடை எது என்று விரல் வைத்து என்னையே கேட்டார். விரலாலேயே வாய்க்காலை மடை வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். மோர் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"மொதல்ல வெட்டு. அதுல தண்ணி நிக்கணும். எங்க வயலுக்கு வரணும். நான் பாத்து சொல்றேன், அப்பறமா இத மூடு."

எழுதிக்கொண்டேன், அப்படியே.

அக்டோபர் 24, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

தாசில்தார் ஜீப் பதினோரு மணிக்கு. மே. குடை பிடித்தார். கீழ் வயலுக்கு மடை திறந்துவிட்டதில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. நேற்றைய மழை என்று மே. சொன்னார். நேற்று மழையே இல்லை. ஏழுமலை வானத்தைப் பார்த்தார்.

தாசில்தார் காகிதங்களைப் புரட்டி, இதில் என்ஜினியர் கையெழுத்து இல்லையே, யார் என்ஜினியர் என்றார். மே. என்னைப் பார்த்தார். பேனாவைக்கூட நீட்டினார்.

"ஐயா, இது களம் இல்லீங்க. குளம். பழைய பதிவேட்டுல சுழி இருக்குது."

சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்றுகூடத் தெரியவில்லை. பாஷா சாயபு எழுதிக் கொடுத்த பக்க எண்ணைக் கொடுத்தேன். பிறகு மே. வாயைத் திறப்பதற்குள் புதுப் பிளானை ஜீப் பானெட்டில் விரித்து, வாய்க்கால், சரிவு, மண் எல்லாம் ஒரே மூச்சில். கன்னியம்மாவின் நிபந்தனையையும். இஞ்சின் சூட்டில் காகிதம் சுருண்டது. ஏழுமலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கேட்காமலே.

தாசில்தார் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மேலே அனுப்புகிறேன், நிபந்தனையோடு அனுப்புகிறேன் என்றார். மனுவில் 'களம்' என்ற இடத்தில் தன் பேனாவால் சுழி போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம். அந்தச் சுழியை எட்டி எட்டிப் பார்த்தேன்.

மே. என்னை ஏற்றிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செஞ்சி வரை நடை. நிரந்தரம் போயே போச்சு. பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன், பைத்தியம்.

அக்டோபர் 28, திங்கள்

டிஸ்மிஸ் லெட்டர் என்று நினைத்துக்கொண்டு போனால், மே. மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டு மண் கணக்கைத் தன் யோசனையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போகட்டும். வேலை இருக்கிறது. ஆர்டர் வரும்வரை தற்காலிகமாகவே.

மே 12, திங்கள்

பழைய டைரியிலேயே மிச்சப் பக்கங்களில் எழுதுகிறேன். புது டைரி தருவதாக மே. சொன்னது ஜனவரியில்.

கலெக்டர் ஆபீஸ் ஆர்டர் மார்ச்சில் வந்தது, கன்னியம்மா சொன்னதே சர்க்கார் தமிழில். மாற்றுக் குளம் வெட்டி, நீர் நின்று, பாசனதாரர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே. வெட்டியும் ஆயிற்று. நாற்பது ஆட்கள், ஆறு வாரம். கரையில் நின்று நின்று நான் கருத்துப் போனேன். அம்மாவுக்குக் கல்யாணக் கவலை.

வெள்ளிக்கிழமை கோடை மழை கொட்டியது. புதுக் குளம் ததும்பியது. கரையில் ஆடினேன், பொய் இல்லை. இன்று போனால் ஒரு சொட்டு இல்லை. அடியில் சரளை. எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டது.

கன்னியம்மா ஒரு சரளைக் கல்லை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மே 19, திங்கள்

வாய்க்காலைப் புதுக் குளத்துக்குத் திருப்பியதில் பழைய குளம் இப்போது காய்ந்து கிடக்கிறது. அதன் அடி வண்டல் ஒன்றரை அடி, வெண்ணெய் மாதிரி களி. அதில் பாதியை எடுத்துப் புதுக் குளத்தின் அடியில் பரப்பினால்? கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னேன். பரப்பினால் போதாது, மிதிக்க வேண்டும் என்றார். நாளையிலிருந்து தன் எருமைகளும், கீழ் வயல்காரர்கள் மாடுகளும். தண்ணீர் தெளித்து, களி கொட்டி, சுற்றிச் சுற்றி ஓட்ட.

மே. கேட்டார்: எஸ்டிமேட்டில் எருமை என்று எப்படி எழுதுவது? 'உருளை இயந்திரம், நான்கு கால்' என்று ஏழுமலை சொல்ல, மே.யே சிரித்துவிட்டார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

மே 27, செவ்வாய்

ஏழு நாள் மிதி. நானும் மிதித்தேன். வாளியில் தண்ணீர் ஊற்றி அடையாளம் வைத்தோம். காலையில் பார்த்தால் அப்படியே நிற்கிறது. களியில் ஒட்டி வந்த அல்லிக் கிழங்கு அங்கங்கே. தூங்கிக்கொண்டிருந்த தவளை ஒன்று, என்னைப் பார்த்து முழித்தது.

நவம்பர் 8, சனி

மழை. மழை. மழை. புதுக் குளம் நிறைந்து, வழிந்து, பழையதும் நிறைந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

பன்னிரண்டு நாளாகத் தினமும் குச்சி நட்டு அளக்கிறேன். மழை விட்டும் இறங்கவே இல்லை. இன்று காலை புது மடையைத் திறந்தோம். தண்ணீர் வாய்க்காலில் ஓட, நான் அதோடு ஓடினேன், கீழ் வயல் வரை. கன்னியம்மா வரப்பில் உட்கார்ந்து, தன் நாற்றங்காலுக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நனைத்துப் பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. என் கணக்கு, என் குளம், நிற்கிறது, பாய்கிறது.

அவர் எழுந்து பழைய குளத்துப் பக்கம் திரும்பி நின்றார். அதுவும் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. அல்லி பூத்திருந்தது, நாரைகள். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருப்பது.

"நின்னுடுச்சு பொண்ணே. மூடிக்கோ."

அவ்வளவுதான். எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. வருஷம் பூராவும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அலைந்தேன். கேட்டதும் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 21, வெள்ளி

மே. வேலை ஆர்டர் கொடுத்தார். நிரந்தரம். கையெழுத்துப் போட்டேன்.

எட்டரைக்கு முதல் லாரி, புதுக் குளம் வெட்டிக் குவித்த மண்ணோடு, பழைய குளத்துக் கரையில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி எங்கே கொட்ட என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான்தான் கை காட்ட வேண்டும். காட்டினேன்.