இருபதில் ஐந்து

இன்று காலை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில், யாழ்ப்பாணத்தார் தேநீர்க்கடையில் ஒருவர் எனக்குக் கை கொடுத்தார். உனக்கு அவரைத் தெரியாது. நம் புதுச்சேரிக்காரர்தான். ஓய்வுபெற்ற தபால்காரர், சார்செல் புறநகரில் குடியிருக்கிறார், நீ போய்ச் சேர்ந்த பிறகு நம் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தவர். அவர் உள்ளங்கையில் பழுப்புக் கறை இருந்தது. துப்பாக்கி எண்ணெயின் வாடையும் அடித்தது. எந்தத் துப்பாக்கி என்று நான் கேட்கவில்லை. வியர்வை பட்டால் சாயம் விடும் துப்பாக்கிக் கட்டை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் துப்பாக்கி வியாபாரி ஒருவர் அந்த மாதிரியை விற்கச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் ஒற்றைத் தோட்டாவைக் கையால் இட்டுச் சுடும் நூறு வருடப் பழந்துப்பாக்கியின் புது நகல். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தே காலம் கழித்தவன் நீ. தூக்கிப் பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி மினுக்கியிருக்கான். திருகாணித் தலையைப் பாரு, இப்பவே நசுங்கியிருக்கு" என்றாய்.

சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு. நில அளவை அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் சங்கத்தார் நம்பினார்கள். நூறு மீட்டரில் இருபது குண்டு, ஐந்தைந்தாக நான்கு இலக்கு அட்டை. முதல் அட்டையின் ஐந்து ஓட்டைகளையும் ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து மூடலாம். இரண்டாவதில் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்தது. நான்காவதில் இரண்டு குண்டு அட்டையிலேயே இல்லை.

என் கண்தான் என்று நினைத்தேன். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் என் மேல்தானே. வியாபாரியும் அதையே பிரெஞ்சில் இனிமையாகச் சொன்னார்: "களைத்துவிட்டீர்கள், முசியே. முதல் அட்டை போதும்."

நீ துப்பாக்கியை வாங்கி, குழல் மேலிருந்த, குறிபார்க்கும் பின்குறியை விரலால் தள்ளினாய். விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. "உன் கண்ணுக்கு என்னடா? இது ஆடுது. ஒவ்வொரு வெடிக்கும் நகருது." சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்து அதனடியில் செருகி ஐந்து சுட்டாய். ஐந்தும் நெருக்கமாக விழுந்தன.

"குழல் தங்கம்டா. அது மேல குப்பையைக் கொண்டாந்து மாட்டியிருக்கான்" என்று தரையில் துப்பினாய். ஈயத்தாளை உருவி என் கையில் வைத்தாய். "எழுது. இருபதையும் எழுது."

நான் எழுதவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். வியாபாரி பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினார். முதல் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். கார் து நோர் நிலையம் வரை ரயிலில் நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். மறுவாரம் வழக்கம்போல் பேசினாய். ஆனால் அதன்பிறகு என் அட்டைகளை ஒருமுறையும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

இன்று தபால்காரர் வியாபாரியின் விளம்பரத்தாளை விரித்துக் காட்டினார். ஐந்து ஓட்டை, கீழே என் கையெழுத்து.

"உங்க பேரைப் பாத்துதான் வாங்கினேன், ஐயா. எனக்குத்தான் சிதறுது. கண்ணு போச்சு. இந்த வாரம் கண்ணாடி மாத்தணும்."

"ஐயா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார் கடைக்காரர். கோப்பையைத் தள்ளிவைத்தேன். அந்தத் துப்பாக்கியைவிட என் கையெழுத்துத்தான் என்னை அதிகம் கூசவைத்தது. எவ்வளவு திருத்தமாகப் போட்டிருக்கிறேன்!

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். நீ சொன்னதுதான், மூன்று வருடம் கழித்து. இருபது குண்டையும் ஈயத்தாளையும் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னை.

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

வீட்டுக்கு வந்து மற்ற மூன்று அட்டைகளையும் எடுத்தேன். நான் எதையும் எறிவதில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். முதல் அட்டை சங்க அறிவிப்புப் பலகையில் இன்னும் தொங்குகிறது. ஞாயிறன்று இவற்றை அதன் பக்கத்தில் குத்த வேண்டும். அதற்குள் என் துணிச்சல் வடிந்துவிடுமோ என்னவோ.

உன் ஈயத்தாள் என் பணப்பையில் இருக்கிறது. அந்தப் பின்குறியின் விளிம்பு அதில் இன்னும் பதிந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பலகை வரை நடக்கப் போகிறேன்.