பெரியவர் கடைசியாகச் சொன்னது

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

பெரியவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இனி அவர் இடத்தில் ஜெபக் கூட்டத்தை நடத்துவது நானா, உன் மாமாவா என்று நாற்பது குடும்பமும் இரண்டாக நிற்கிறது. போன வாரம் அவன் தையல் கடைக்கே வந்து, "மச்சான், ஊசி பிடிக்கிற கை வேற, கூட்டம் நடத்துற கை வேற" என்றான். "நீ பஸ் ஓட்டுற மாதிரி நடத்தினா பாதிப் பேரு வழியிலேயே இறங்கிடுவாங்க" என்றேன். அம்மாவிடம் யார் பக்கம் என்று கேட்டால் "அடுப்புப் பக்கம்" என்கிறாள்.

நமக்குள் பட்டம் படித்தவள் நீ ஒருத்திதான் என்று பெரியவர் தன் பேச்சை எழுத உன்னிடம் நோட்டைக் கொடுத்தார். கடைசி மதியம் அவர் அருகில் இருந்தவளும் நீதான். அன்றைய பக்கம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரைத்தான் சொல்லியிருப்பார். அதை உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. போனில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கூட்டத்தில் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அலுவலகத்தில் மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் நான்தான் ஃபைலைப் பார்த்தபடி என் மேசையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுதி காலியாகிவிடும். கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு என்னையறியாமல் தலைவாரிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன்.

மாமா இங்கே வந்திருந்தார். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மருமகளே, உங்கப்பாவுக்காகப் பொய் எழுதிடாதம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பேரைச் சொன்னாரா?" என்றும் கேட்டார்.

அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டுமே அப்பா.

உங்கள் மகள்

ஜூன் 22

மகளே,

அப்படியே இருக்கட்டும் என்றால் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன், கடவுள் சொன்னார் என்று பெரியவர் பெரிய சபையை விட்டு வெளியேறியபோது, அவர் பின்னால் முதலில் எழுந்து நடந்தவன் நான். அந்தச் சபையிலேயே இருந்துவிட்டான் என்பதற்காகக் கூடப்பிறந்த அண்ணன் சாவுக்குக்கூடப் போகவில்லை. எனக்குக் கேட்க உரிமை இல்லையா? உன் மாமா பெயரே ஆனாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

அப்பா

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவர் உங்கள் பெயரையும் சொல்லவில்லை, மாமா பெயரையும் சொல்லவில்லை. நல்ல நினைவோடுதான் பேசினார்.

"எல்லாரையும் பழைய சபைக்கே போகச் சொல்லும்மா. எனக்குப் பேச இடம் குடுக்கலைன்னு கோபம், அதுலதான் வெளிய வந்தேன். கடவுள் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை."

பேனா கையில்தான் இருந்தது. அவருக்கு மருந்து எடுத்துக்கொண்டு நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. எழுத முடியவில்லை. இவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டதும் அதனால்தான்.

இதைக் கூட்டத்தில் படிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை இருக்கிறது. வரட்டுமா அப்பா?

உங்கள் மகள்

ஜூலை 30

அன்பு மகளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அம்மாவுக்கும்தான். உன் காதில் எதுவும் விழவில்லையாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

பொறுப்பை உன் மாமாவுக்கே விட்டுக்கொடுத்தேன். எனக்குப் பெரிய மனசு என்கிறார்கள். அவனுக்கு விஷயம் தெரியாது. அதனால் அவனால் நடத்த முடியும். தடியூன்றி மூச்சு வாங்கப் படியேறி வருகிறவர்களிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு தவறாமல் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன். கண்ணை மூடினால் அண்ணன் முகம்தான் தெரிகிறது.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வந்தால் எல்லாரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். உனக்குப் பொய் சொல்ல வராது. கற்றுக்கொள்ளவும் வேண்டாம். அதனால் இப்போதைக்கு வராதே கண்ணு. லீவு கிடைக்கவில்லையாம் என்று அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா