காளியிடம் எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 15, திங்கள்

சென்னைத் தலைமை அலுவலகத்து எச்.ஆர். ஷாம் போன் செய்தார். கப்பல் சரக்கு குறைந்துவிட்டதாம். எங்கள் தூத்துக்குடி கிளையில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். "யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க வரத் சார். நீங்கதானே மேனேஜர்." குரலில் என்ன மரியாதை!

செப்டம்பர் 17

எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? கடைசியாகச் சேர்ந்தவர் என்றால் சண்முகப்ரியா. அவள் போனால் கஸ்டம்ஸ் வேலைக்கு கம்ப்யூட்டரைத் தொட ஆளில்லை. மந்தமானவர் என்றால் பெனிஸ்டன். ஆனால் போன வருட மதிப்பீட்டில் அவனுக்கு 'மிகச் சிறப்பு' போட்டவன் நான்தான். எல்லோருக்கும் அதையே போட்டேன், சோம்பல். சம்பளம் அதிகம் வாங்குபவர் என்றால்...

இதற்கு மேல் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 19

விஷயம் கசிந்துவிட்டது. பெனிஸ்டன் என் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சண்முகப்ரியா மக்ரூன் டப்பாவை நீட்டினாள். முட்டை சேர்த்தது, ஆகாது என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு தின்றுவிட்டேன். மனைவி பத்மஸ்ரீக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள்.

செப்டம்பர் 24

எங்கள் கிளையின் செந்தூர்வேல் பெயரை ஷாமிடம் சொல்லிவிட்டேன். காரணம்? குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு லீவில் இருக்கிறான். எதிரே இல்லாதவன் முகத்தைப் பார்க்க வேண்டாமே. சே.

"நேர்லயே சொல்லிடுங்க சார்" என்றார் ஷாம்.

செப்டம்பர் 29

ஆபீஸ் வாசலில் மேளம், தசரா காணிக்கை கேட்டு. போய்ப் பார்த்தால் காளி! சடாமுடி, கோரைப்பல், முதுகில் கட்டிய எட்டுக் கைகள்.

"சார், நாந்தான், செந்தூர்வேலு!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கைகள் எட்டும் ஆடின.

"என்ன சார் இப்படி வேர்க்கு? ஒங்களத் தூக்கப் போறாவன்னு பெனிஸ்டன் சொல்லுதான். பயப்படாதிய. முத்தாரம்மன்ட்ட ஒங்களுக்குஞ் சேத்துதான் வேண்டியிருக்கேன்."

என் திருமண்ணுக்கு மேலேயே குங்குமத்தை அப்பினான்.

உள்ளே ஓடி ஷாமைக் கூப்பிட்டேன். "என்னால முடியாது சார். வேணும்னா என்னைத் தூக்குங்க!" போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

செப்டம்பர் 30

"காளிக்குப் பயந்துண்டு வேலையைக் குடுத்துட்டு வந்தேளா?" — பத்மஸ்ரீ.

ஆமாம்.

அக்டோபர் 6

செந்தூர்வேல் வேலைக்கு வந்துவிட்டான். காதோரம் இன்னும் சாயம் போகவில்லை.

மதியம் ஷாம் போன். எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன். கிளைகளில் யாரையும் தொடப் போவதில்லையாம். அதற்குப் பதிலாகச் சென்னையில் எச்.ஆர். பிரிவையே மூடிவிட்டார்களாம்.

பிறகு ஷாமே கேட்டார்:

"தூத்துக்குடியில ஏதாவது வேலை இருக்கா சார்?"

பயோடேட்டா அனுப்பச் சொன்னேன். சிரிப்பு வரவில்லை.