ஜிலேபியும் ஒரு கெண்டைதான்

2096, ஐப்பசி 3, காலை 6.10

வட்டப்பாறை மடு, நாட்டு மீன் காப்பகம். பதிவு செய்பவர்: மங்கையர்திலகம், நீருயிர் ஆய்வாளர். வயது ஐம்பத்திரண்டு, அலுவலகப் பலகையில் நாற்பத்தெட்டு. நீர் வெப்பம் இருபத்தாறு. தெளிவு நன்று. உலகத்தில் மிஞ்சிய ஆற்று அயிரை மொத்தமும் இந்த ஒரு மடுவில்தான். விரல் நீள மீன். கண்ணாடி போடாவிட்டால் எனக்கு நூலும் அதுவும் ஒன்றுதான். சினைப் பருவம். காவல் இயந்திரம் நலம். அதன் அரசாங்கப் பெயர் நீளம். மிதப்பைப் பார்த்து நான் வைத்த பெயர் ஏட்டையா.

ஐப்பசி 11, பகல் 2.40

வெள்ளத்தில் மேல்மடை வலை கிழிந்தது. ஜிலேபிக் கெண்டை புகுந்துவிட்டது. அசல் பெயர் திலாப்பியா, வெளிநாட்டுக்காரன். அடுத்தவன் முட்டையைத் தின்றே குடும்பம் பெருக்குவான். தூண்டிலோடு போனேன். ஏட்டையா குறுக்கே வந்தார்.

"விலகுங்கம்மா. கெண்டை எல்லாம் காக்கப்பட்டது. ஆணை, பிரிவு நாலு."

"பேருக்குத்தான் அது கெண்டை, ஏட்டையா!"

"பேர்ல இருக்குல்லம்மா?"

நாட்டுக் கெண்டைகளை ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல்பட்டு, 'கெண்டை என்று பெயர் முடியும் அனைத்தும்' என்று ஆணையில் எழுதிவிட்டார்கள். மீன்கடையில் வைத்த செல்லப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு.

ஐப்பசி 12, காலை 10.05

வானொலித் தொடர்பில் மதுரை அலுவலகம். எழுத்தர் வெள்ளைச்சாமி.

"மேடம், ஜிலேபி ஸ்வீட்டுல்ல? அதை ஏன் ஆணையிலருந்து எடுக்கணும்?"

"மீன், தம்பி. அயிரை முட்டையத் தின்னுக்கிட்டிருக்கு."

"கோச்சுக்காதீங்க மேடம், இன்னைக்கே கோப்பு போட்டுர்றேன். கையெழுத்தாக எப்படியும் கார்த்திகை ஆயிரும்."

"அதுக்குள்ள எதுவுமே இருக்காதுப்பா."

"நடுவுல தீபாவளி வருதுல்ல மேடம்."

ஐப்பசி 19, காலை 7.00

முட்டை ஒன்றுகூட இல்லை. இப்போது பெரிய அயிரைகளையும் துரத்துகின்றன. மிச்சத்தையாவது அள்ளித் தொட்டியில் விடலாமென்று வாளியோடு இறங்கினேன். ஏட்டையா என் மேல் வலை வீசினார். என் எடைக்குக் கிழிந்திருக்க வேண்டும். அரசாங்கச் சாமான் உறுதியாக இருக்கிறதே என்று முதல் தடவையாக வயிறெரிந்தேன்.

"அயிரையும் காக்கப்பட்டதும்மா. மடுவை விட்டு எடுக்கக்கூடாது."

வாளியில் இருந்தவற்றை அவரே அலுங்காமல் தண்ணீரில் விட்டார். அங்கே ஜிலேபிகள் காத்திருந்தன. வலைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 27

அடிமணல் படம் எடுத்தேன். அயிரை இல்லை. மறுபடியும் எடுத்தேன். இல்லை. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. ருசிதான் தெரியவில்லை.

கார்த்திகை 8, மாலை 5.30

"மேடம், திருத்தம் வந்துருச்சு! லீவுலயும் ஆள் ஆளாப் பிடிச்சுக் கையெழுத்து வாங்குனேன். ஜிலேபியத் தூக்கியாச்சு. இனி அயிரைக்குத்தான் முழுக் காவல். சந்தோஷம்தானே?"

நல்ல பிள்ளை. "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன்.

ஏட்டையா ஜிலேபிகளை ஒன்று விடாமல் அள்ளிக் கரையில் கொட்டிவிட்டார். இப்போது மடுவைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் என் முன்னால் வந்து நிற்கிறார்.

"அம்மா, அயிரை எங்க? காவல் போடணும்."

நான்காவது தடவை என்னால் முடியவில்லை. "வெட்கக்காரங்க, ஏட்டையா. ஒளிஞ்சிருப்பாங்க. நல்லாத் தேடுங்க" என்றேன்.

தேடுகிறார். மிதித்துவிடக் கூடாதென்று, கல்லைக்கூடப் புரட்டாமல், விளக்கைத் தணித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக.