சத்தமாகப் படிக்க ஒரு கடிதாசி

விழுப்புரம்,
12.8.1985, திங்கள்.

என் மகள் கிருஷ்ணவேணிக்கும் மாப்பிள்ளை துரைக்கண்ணு அவர்களுக்கும், அப்பா பெரியதம்பி சொல்லச் சொல்ல, தபாலாபீஸ் வாசலில் கண்ணையன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம்னு போடட்டுமான்னு கேட்டார். மழை நல்லா பேஞ்சிருக்கு, கடலைக் கொல்லையில மல்லாட்டை பூ வெச்சிருக்கு, அதைப் போடுங்க போதும்னேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில புத்துநோய்னு பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதைப் போன மாசம் இவர்கிட்ட சொல்லித்தான் உனக்கு எழுதினேன். திண்டிவனத்துல எழுதினா ஊருக்குத் தெரிஞ்சுடும்னு பஸ் ஏறி இங்க வந்தேன். திருவாமாத்தூர் கோயிலுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். கும்பிட்டுட்டும் போனேன், அது பொய்யில்ல. கடிதாசி போற வழியை அவ்வளவு யோசிச்சவன், திரும்பி வர்ற வழியை யோசிக்கலம்மா.

அவகிட்ட நான் சொல்லி வெச்சிருந்தது வேற. உள்ள ஒரு கட்டி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில தினம் போய்க் கரண்டு வெச்சா கரைஞ்சிடும், கார்த்திகையில உன் தலைப்பிரசவத்துக்குள்ள எழுந்து நடமாடலாம்னு. நம்பித்தான் வந்தா. இருபத்தஞ்சு நாள்ல பதினோரு நாள் முடிஞ்சுது. பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கினே, "இன்னும் பதினாலுதான்யா, அப்புறம் என் பொண்ணை அழைச்சிக்கினு வந்துடலாம்"னு சொல்வா.

மூணாந்தேதி சனிக்கிழமை உன் கடிதாசி வந்துது. தபால்காரர் தேவநாதன் வழக்கம்போல வாசல்ல சைக்கிளை நிறுத்திட்டுப் பிரிச்சாரு. அம்மா கட்டில்ல படுத்துக்கினு, "சத்தமா படி தேவநாதா, எனக்கும் கேக்கட்டும்"னா. அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிந்து நின்னு படிச்சாரு. "அப்பா, அம்மாவுக்குப் புத்துநோய்னு டாக்டர் சொன்னதை அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." அந்த வரியைப் படிச்சு முடிச்ச பிறகுதான் அவருக்கே ஒறைச்சுது. வாயைப் பொத்திக்கினாரு. நான் மாட்டுக் கயித்தைப் பிடிச்சிக்கினு நிக்கறேன். அம்மாதான் பேசினா. "ஏன் நிறுத்திட்ட? மீதியையும் படி. மோர் குடிச்சிட்டுப் போ"ன்னா. உன் கடிதாசி முழுக்க எனக்கு இப்பவும் மனப்பாடம். ஒரு தரம் கேட்டா எனக்குப் போதும். இது போகவே மாட்டேங்குது.

அவர் போன பிறகு கேப்பைக் கூழைக் கரைச்சு எனக்கு ஊத்தினா. "இத்தினி நாளா தெரிஞ்சும் நீ ஒத்தையாவா வெச்சிக்கினு இருந்த?"ன்னு கேட்டா. திட்டியிருந்தா தேவலைம்மா. அப்புறம், "இனிமே நீ எது சொன்னாலும் நான் நம்பப் போறதில்ல. பஸ்ஸும் ஏற மாட்டேன். அந்த நோவு வந்து பொழைச்சவ யாரு? வேணி அங்கயே பெத்துக்கட்டும், இந்த வீட்டுக்கு வர வேணாம்"னுட்டா.

இன்னையோட ஒம்பது நாள். நான் மட்டும் பாண்டிச்சேரி போய்க் கேட்டேன். நர்சம்மா சத்தம் போட்டுது. "பாதியில நிறுத்தினா இதுவரைக்கும் வெச்சதும் வீணாப் போயிடும் பெரியவரே, ஜல்தி கூட்டிக்கினு வாங்க"ன்னுது. வந்து சொன்னேன். "இதையும் நீயே ஜோடிச்சியா"ன்னு கேட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா.

அதனால உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அம்மாவுக்குன்னு எழுதாதே. நான் சொல்லிக் குடுத்து எழுதறதா நெனைப்பா. எனக்கு எழுது. அம்மா இல்லாம பெத்துக்கப் பயமா இருக்குன்னு எழுது. மறக்காம, "இதை அம்மாகிட்ட சொல்லாதீங்க"ன்னு போடு. அவகிட்ட மறைக்கிறதைத்தான் இப்போ அவ நம்பறா.

பொய் எழுதச் சொல்லல. பயம் இல்லன்னா எழுத வேணாம். ஆனா போன வருசம் தை மாசம், வெள்ளிக்கிழமை, நீ ரயில் ஏறினப்போ அம்மா முந்தானை உன் கையில இருந்துது. வண்டி நகந்த பிறகுதான் விட்ட. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தாரு. நான் பாத்தேன்.

தந்தி மட்டும் அடிக்காதே. தந்தின்னா தெருவே வந்து அழும். இந்தக் காகிதம் கிடைச்ச அன்னிக்கே எழுதிப் போடு. ஆவணி பொறந்தா உனக்கு ஏழாவது மாசம். பாரம் தூக்காதே. தண்ணிக் கொடம் மாப்பிள்ளை எடுக்கட்டும், கூச்சம் வேணாம்னு நான் சொன்னதாச் சொல்லு.

டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. "சொல்லுங்க, இன்லேண்டுல இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கு"ன்னு கண்ணையன் சொல்றாரு. அது வேணாம், என்கிட்டயே இருக்கட்டும்.

நீயும் வயித்துப் பிள்ளையும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். திருவாமாத்தூர் ஈஸ்வரன் உங்களைப் பாத்துக்கட்டும். இன்னைக்கும் போய்க் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். எது எழுதியிருந்தாலும் நிறுத்தாம படிய்யான்னு தேவநாதன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கடிதாசியை வீட்டு விலாசத்துக்கே போடும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா பெரியதம்பி
(இடது கைப் பெருவிரல் ரேகை)