ராணிக்கு எந்த முகம்?

ஜன. 20, வியாழன்

காலையில் நல்ல பனி. பால் டிப்போவில் நீள வரிசை, வெறுங்கையோடு திரும்பினேன். அண்ணி கொடுத்த கடுங்காப்பியோடு பள்ளிக்கூடம்.

ஆண்டு விழா நாடகத்துக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று. நானே எழுதிய நாடகம். கடல் தாண்டி அடைக்கலம் கேட்டு வரும் அயல்நாட்டு இளவரசி. அரசவை முழுக்க வேண்டாம் என்கிறபோது இடம் கொடுக்கும் தமிழ் ராணி.

ராணி – வசந்தா. மாடவீதிப் பெண். உயரம், நல்ல நிறம். பட்டும் நகையும் அவள் அம்மாவே தருகிறாராம்.
இளவரசி – மரகதம். அப்பா ராமநாதபுரத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வேலை, வீடு மந்தைவெளி. அம்மா பர்மாக்காரி. இவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ரங்கூனை விட்டுக் கப்பலில் வந்தவர்கள். அந்த முகமே போதும், மேக்கப் மிச்சம்.
தோழி, கையில் குடம் – செல்வி. அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதி. போன வருடமும் தோழிதான்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியை "ரொம்பப் பொருத்தம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மரகதம் மட்டும் கை தட்டவில்லை. கூச்சம் போலும்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜன. 24, திங்கள்

முதல் வாசிப்பு. இளவரசிக்குக் கொச்சைத் தமிழ் எழுதியிருக்கிறேன், சபையில் சிரிப்பு வர. "நான் வந்தான், ராணி பார்த்தார்கள்" என்கிற மாதிரி. ஆண் பெண் குழப்பம், வேற்றுமை உருபு ஒன்றும் கிடையாது.

மரகதம் எல்லாவற்றையும் திருத்திப் படித்தாள். "நான் வந்தேன், ராணியைப் பார்த்தேன்." முதலில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். எழுதியிருக்கிறபடி படி என்றேன். மறுபடி திருத்தியே படித்தாள்.

"இதுல தப்பா இருக்கு டீச்சர்."

தப்பாகத்தான் இருக்க வேண்டும், வேடிக்கைக்காக, என்றேன். தெரியும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். திமிரா, பயமா? அந்த முகத்தில் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. இப்படி எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. "அந்த முகம்" என்றால் என்ன?

தலைவலி. அமிர்தாஞ்சனம் தீர்ந்துவிட்டது.

ஜன. 27, வியாழன்

வசந்தா வரவில்லை, சித்தி பெண் கல்யாணம். ஒத்திகை நிற்க வேண்டாமே என்று ராணி வசனத்தை மரகதத்தைப் படிக்கச் சொன்னேன்.

"இந்த வாசலில் நின்று திரும்பிப் போனவர் என்று ஒருவர் இருக்கக் கூடாது" என்று ஓர் இடம். வேகவேகமாக எழுதிய வரி. அவள் அதை மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள். குடத்தைக் கீழே வைக்க மறந்து செல்வி நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதியதுதானா என்று எனக்கே சந்தேகம்.

செல்விதான் முதலில் பேசினாள்: "இதுவே ராணியா இருந்துகினா இன்னா டீச்சர்?"

மணி அடிக்கச் சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன். இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஜன. 31, திங்கள்

தலைமையாசிரியை (த.ஆ.) அறையில் அரை நாள் போயிற்று. மாற்றலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நம்ம ஊர் ராணிம்மா. முகம்னு ஒண்ணு இருக்கில்லையா? ஜனங்க சிரிச்சா அந்தப் பொண்ணு தாங்குவாளா?"

ரங்கூன் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வந்தவளைத் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டவர் இதே அம்மாள். அவள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். தப்பு என்று எப்படிச் சொல்ல? அப்புறம் இளவரசி யார் என்றார். வசந்தாவுக்கு மையால் கண்ணை இழுத்துவிட்டால் போயிற்று என்றேன். இருவரும் சிரித்தோம்.

படி இறங்கும்போது குழப்பம். வசந்தா மை இழுத்தால் பர்மாக்காரி ஆகிவிடலாம், அது நடிப்பு. மரகதம் கிரீடம் வைத்தால் மட்டும் ராணி ஆக முடியாதா? அப்படியானால் நடிப்பு என்பது யாருக்கு?

அண்ணியிடம் சொன்னேன். "உனக்கு ஏன் வம்பு? நாடகம் ஒரு மணி நேரம்தானே" என்றார். வெங்காய சாம்பார் நன்றாக இருந்தது.

பிப். 2, புதன்

மரகதத்தையே கேட்டுவிட்டேன். ராணி வேஷம் வேண்டுமா, வசந்தா மை இழுத்துக்கொண்டு இளவரசி ஆகட்டும் என்று. துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவளுக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த நினைப்பு எனக்கு.

"ஆசைதான். ஆனா வேண்டாம் டீச்சர்."

ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னாள். ரங்கூன் பள்ளிக்கூட நாடகத்தில் இவளுக்குக் கடலை விற்கும் இந்தியாக்காரி வேஷமாம். பர்மியப் பாஷையைத் தப்புத் தப்பாகப் பேச வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். இவளுக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. அப்பா வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாராம்.

"அவரு அங்க அப்படித்தான் பேசுவாரு டீச்சர். இங்க எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க. நான் ராணியானா வசந்தா கண்ணை இழுத்து மை போட்டுக்கிட்டு அம்மா மாதிரி பேசுவா. நான் பக்கத்துல ராணியா நின்னு பார்க்கணும். அதுக்கு நானே இளவரசியா இருந்துடறேன்."

அவள் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. பின் எங்கிருந்து எடுத்தேன் அந்தத் தமிழை?

பிப். 3, வியாழன்

மதிய உணவு இடைவேளை முழுக்கத் திருத்தம். இளவரசி வசனம் எல்லாம் நேர்த் தமிழ். மை கிடையாது. சிரிப்புக் காட்சியில் ஒன்றும் மிஞ்சவில்லை. பசித்த இரண்டு காவலர்களை வைத்து ஒப்பேற்றினேன்.

மரகதம் ராணி, வசந்தா இளவரசி என்று த.ஆ.விடம் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிரிச்சாங்கன்னா நீதான் அவளுக்குப் பதில் சொல்லணும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

புதுத் தாள்களை மரகதம் நின்றபடியே கடைசி வரை படித்தாள். பிறகு ராணியின் பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

பிப். 4, வெள்ளி

வசந்தா அழுவாள் என்று பயந்தேன். "எங்காத்துல அம்மாதான் கோச்சுண்டு இருக்கா. பட்டெல்லாம் தர மாட்டாளாம். எனக்கு வசனம் கம்மி, நிம்மதி" என்றாள். போகும்போது ஒரு சந்தேகம் கேட்டாள்: மை இல்லை, பேச்சும் நம் பேச்சு, அப்படியென்றால் அவள் அயல்நாட்டுக்காரி என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? கப்பலிலிருந்து இறங்குகிறாயே, அது போதும் என்றேன். போதுமா?

செல்வி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எல்லாம் மாறிடுச்சு. நான் குடம்தானே டீச்சர்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஒரு வாரத்தில் எப்படி மாற்றுவது? நாடகத்தில் சேனாதிபதி வேஷம் ஒன்று உண்டு, அதற்குப் பெரிய குரல் வேண்டும். இவள் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். இது ஏன் எனக்கு முன்னால் தோன்றவில்லை? தோன்றிய பிறகும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நியாயமாகத்தான் படுகிறது. படுவதால்தான் சங்கடம்.

பட்டுக்கு அண்ணியின் கூரைப்புடவை. கேட்டதும் கொடுத்துவிட்டார், ஆச்சரியம்.

பிப். 13, ஞாயிறு

நேற்று விழா. வெயில் ஆரம்பித்துவிட்டது, கொட்டகையில் புழுக்கம்.

மரகதம் மேடைக்கு வந்ததும் பின்வரிசையில் ஒரு பையன் குரல்: "சீனாக்காரிடா." சிரிப்பு. அவள் அவசரப்படவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கவில்லை. அப்போது செல்வி குடத்தை ணங்கென்று மேடையில் வைத்து, என் நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: "ராணி பேசப் போறாங்க, கம்முனு இருங்க." அதற்கும் சிரிப்பு, ஆனால் வேறு சிரிப்பு. அப்புறம் ராணி பேசினாள். கடைசி வரை ஒரு சத்தம் இல்லை.

மூன்றாவது வரிசையில் அவள் அப்பா, அம்மா. அம்மா ஊதா சேலையில், நேராக உட்கார்ந்து. எவ்வளவு புரிந்ததோ.

முடிந்ததும் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற நீதிபதி, மேடைக்குப் பின்னால் வந்தார். மரகதத்தை உற்றுப் பார்த்துவிட்டு இந்தப் பெண் எந்த ஊர் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் த.ஆ. சொன்னார்:

"மந்தைவெளிங்க."

அதற்கு மேல் அவரைக் கேட்கவிடவில்லை, காபிக்கு அழைத்துப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

மரகதம் கிரீடத்தின் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேட்டாயா, என்றேன், சந்தோஷமாக.

"கேட்டேன். ரங்கூன்னே சொல்லியிருக்கலாம் டீச்சர். அம்மா பின்னாடிதான நின்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஊதா சேலை, கதவோரம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.