தலைப்பேற்றுக்கு வழிவிடாத எல்லைச் சாசனம்

மழை பருவம் தவறாதாகுக. மண் தன் மக்களைக் கைவிடாதாகுக.

பதினெட்டுக் கூற்றங்களையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் கருங்காவி நாட்டுக் கோமகனார், கோப்பரிதி விண்ணவரையர் திருவடிகளுக்கு, ஓலைநாயகம் காரிநம்பி வெள்ளிலையாற்றுக் கடவிலிருந்து தலைதாழ்த்தி எழுதுவித்த ஓலை. கோயிலும் கோட்டையும் நலமாகுக. பெருந்தேவியாரும் இளையவரும் நலமாகுக. இங்கும் அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அவ்வரியை இம்முறை விட்டுவிட்டதைத் தேவரீர் பொறுத்தருள்க. தன்னை அடியேன் என்று குறியாமல் காரிநம்பி என்று பெயர் சொல்லியே எழுதுவித்திருப்பதையும் பொறுத்தருள்க. குற்றம் சொல்ல வரும் ஓலையில் குற்றவாளிக்குப் பெயர் வேண்டும்.

நால்நாட்டுக் கூட்டிலிருந்து நம் நாடு பிரிந்து, வரும் தைத்திங்களோடு ஈராண்டு நிறைகிறது. அந்நாளில் அரண்மனை முற்றத்தில் ஒரு வெற்றிக்கல் நாட்டவும், பிரிந்ததால் குடிகளுக்கு நன்மையே விளைந்தது என்று அதில் பொறிக்கவும் தேவரீர் திருவுளம் கொண்டு, எல்லைக் கூற்றங்களைச் சுற்றிவந்து உண்மை கண்டு எழுதுக என்று காரிநம்பியைப் பணித்தீர்கள். அவன் எல்லை வாயில்களான ஏழு கடவுகளில் ஆறைக் கண்டான், நல்லதும் கண்டான். கூட்டின் பெருமன்றம் கேட்டபோதெல்லாம் வடவெல்லைப் போருக்கு ஆள் அனுப்பிய காலம் போயிற்று. இப்போது நம் பிள்ளைகள் எவருடைய சண்டையிலோ சாவதில்லை. நம் ஏரி மதகை எப்போது திறப்பது என்று நானூறு காதத்துக்கு அப்பால் இருந்து ஒருவன் சொல்வதும் இல்லை. இவை பொய்யல்ல. ஆறாம் கடவை அடையும்வரை காரிநம்பியும் கல்லில் பொறிக்கும் சொற்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்தான்.

ஏழாவது கடவு இது. இதன் காவல் தலைவன் கூத்தன் வேளான். பிரிவுக்காக இந்நாட்டில் இவனைப் போல் உழைத்தவர் வேறொருவர் இல்லை. அடுப்புக்கு ஓர் ஓலை என்று குடத்தில் இடச் சொன்ன நாளில், பிரிய விரும்புவோர் ஓலையின் நுனியைக் கிள்ளிவிட்டு இட வேண்டும் என்பது நம் ஏற்பாடு. வேளான் ஒன்பது ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினான். அவனுடைய ஒரே மகன் வடவெல்லைப் போரில் மாண்டவன். உடல்கூட வீடு வந்து சேரவில்லை. அந்தத் தகப்பன் வாசலில் வந்து நிற்கும்போது ஓலையைக் கிள்ளாமல் வைத்திருக்க எவருக்கு மனம் வரும்? ஒன்பது ஊர்க் குடங்களையும் கவிழ்த்தபோது முழு ஓலையாக வந்தவை நாற்பதுகூட இல்லை.

அந்நம்பிக்கையில்தான் தேவரீர் இக்கடவை அவனிடம் ஒப்படைத்தீர்கள். எல்லைச் சாசனத்தை அவன் தினமும் காலையில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பானாம். அந்தச் சாசனத்தை எழுதியவன் காரிநம்பி. ஒருவர் எந்நாட்டு அடுப்பில் உண்கிறாரோ அந்நாட்டுக்கு உரியவர் என்றும், பிறநாட்டார் நம் கடவைத் தாண்ட அரச முத்திரை ஓலை வேண்டும் என்றும் எழுதினான். ஓலையின்றிச் செல்லத் தக்கவர் என்று பத்தொன்பது வகையினரைக் குறித்தான். உப்பு வண்டிகள், தேர் இழுக்க வருவோர், மணப்பெண்ணும் அவள் உறவினரும், இழவுக்கு வருவோர், பிறந்த மண்ணில் எரிக்கக் கொண்டுவரும் பிணம் எல்லாம் அதில் உண்டு. வழிதவறி வந்த மாட்டுக்குக்கூட மூன்று நாள் இடம் கொடுத்தான். எட்டு நாள் அவையில் அமர்ந்து முப்பது பேர் ஒவ்வொரு வரியையும் அலசினார்கள். அத்தனை பேரும் பெண்ணைப் பெற்றவர்கள். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளை ஒருவரும் நினைக்கவில்லை. மறந்துவிட்டோம் என்பது சரியான சொல் ஆகாது. தன் வீட்டுக்கு வருகிற மகளைப் பிறநாட்டாள் என்று ஒருவன் தடுப்பான் என்பது எங்களில் எவருக்கும் தோன்றவே இல்லை. அவ்வளவு தெரிந்த வழக்கம். அதனால்தான் எழுதாமல் விட்டோம்.

எழுதாததைக் காவலன் எப்படிப் படிப்பான்? சென்ற ஆவணியில் இத்துறையின் ஓடக்காரன் மருதன் என்பவனின் மகள், இன்னும் கூட்டில் இருக்கும் அக்கரை மேழிநாட்டில் வாழ்க்கைப்பட்டவள், எட்டு மாத வயிற்றோடு வந்தாள். வேளான் சாசனத்தை இருமுறை படிக்கக் கேட்டுவிட்டு, வழியில்லை என்று திருப்பி அனுப்பினான். அக்கரையில் வீடு திரும்பும் வழியிலேயே, முன்பின் அறியாதவர் நடுவே அவளுக்குப் பேறு ஆயிற்று, பிள்ளை தங்கவில்லை. அன்று முதல் மருதன் வேளான் முகத்தைப் பார்ப்பதில்லை. வேளான் கல்நெஞ்சன் அல்லன். பேறுகாலப் பெண்களைப் பற்றிச் சாசனத்தில் எதுவும் இல்லையே, என்ன செய்வது என்று அன்றே தலைநகருக்கு ஓலை விடுத்தான். அது காரிநம்பியின் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. வெற்றிக்கல்லுக்கான வாசகங்களை வனையும் வேலையில் மண்டபமே மூழ்கியிருந்ததால், அது பிரிக்கப்படாமல் கட்டோடு கிடந்தது.

ஐப்பசி பிறந்ததும் வேளானின் மகள் அணிமாலை வந்தாள். அவளும் மேழிநாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் அது தலைப்பேறு. அவள் கணவன் அவளை ஆற்றின் நடுத்திட்டுவரை கொண்டுவந்தான். திட்டு இரு நாட்டுக்கும் உரியதல்ல. இக்கரைக் கதவில் நின்றவன் அவளைப் பெற்றவன்.

மருதனின் மகளுக்கு இல்லை என்ற வழியைத் தன் மகளுக்கு உண்டு என்று எப்படிச் சொல்வது? ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது ஓலை ஒன்றைத் தலைநகருக்கு ஓட்டினான்; போய்வரப் பதினாறு நாள் ஆகும். மகளை அக்கரைக்கே திருப்பி அனுப்பவும் முடியவில்லை. நாம் பிரிந்த சினத்தில் மேழிநாட்டாரும் இடையில் புரட்டாசியில் தம் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: அக்கரை விட்டு இறங்கியவர் மீண்டும் ஏற அவர்கள் மன்றத்து ஓலை வேண்டும். அதைக் கேட்டு வாங்கக் கணவன் இருட்டில் நீந்தி, ஒளிந்து கரையேறி ஓடினான். அணிமாலை திட்டில் போட்ட கீற்றுக் கொட்டகையில் காத்திருந்தாள்.

வேளானின் மனைவி சேந்தி தினமும் மருதனின் பரிசலில் திட்டுக்குப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தாள். கணவனோடு அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதற்கு மகள் சொன்னதைச் சேந்தி காரிநம்பியிடம் சொல்லி அழுதாள். ஓலை நடையில் திருத்தினால் அது பொய்யாகிவிடும்; ஆகையால் அவள் வாய்ச்சொல்லாகவே பொறித்திருக்கிறது: “அப்பாகிட்ட கோச்சுக்காதம்மா. அது எழுதிக் கேட்டிருக்குல்ல, ஓலை வந்துரும்.”

எட்டாம் நாள் மலையில் மழை பிடித்தது. ஒன்பதாம் நாள் காலையில் வெள்ளிலையாறு செந்நீராக ஏறியது. அந்நேரம் பார்த்துத் திட்டில் வலி கண்டது. அப்போது மருதன், இரண்டு மாதமாக முகம் பாராதவன், வேளான் முன் வந்து நின்றானாம். அவன் சொன்னதைக் கேட்டவர் பலர். “வேளானே, என் பொண்ணுக்கு இல்லாததுன்னு கணக்குப் பாக்காத. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், ஊரையும் திரும்பிக்கச் சொல்றேன். கதவத் தொற, கூட்டியாந்துடறேன்.” சொன்னபடியே அவன் முதுகைக் காட்டி நின்றான். ஊரும் திரும்பி நின்றது. தேவரீரே, சட்டத்தைக் குடிகள் மன்னித்த இடம் அது ஒன்றுதான். காரிநம்பி தன் வாழ்நாளில் வேறெங்கும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை.

வேளான் திறக்கவில்லை. மகனைக் கொடுத்து வாங்கிய எல்லை இது, இதை நானே பொய்யாக்கினால் அவன் எதற்குச் செத்தான் என்று கேட்டானாம். கேட்டுவிட்டுக் கதவின் குறுக்குமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மருதன் சேந்தியையும் மருத்துவிச்சியையும் பரிசலில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினான். ஒரு பனை நீளம் கீழ்நோக்கி இழுபட்டுப்போய், மீண்டும் துழாவித் திட்டை அடைந்தார்கள். நனைந்த கொட்டகையில், மூட்ட நெருப்பில்லாமல், பெண்பிள்ளை பிறந்தது. அணிமாலைக்கு உதிரம் நிற்கவில்லை. ஓலை வாங்கப் போன கணவன் திரும்புமுன்பே, உச்சிப்பொழுதில் அடங்கிப்போனாள்.

பிறந்த மண்ணில் எரிக்கக் கொண்டுவரும் பிணத்துக்கு ஓலை வேண்டாம் என்பது சாசனத்தின் பதினான்காம் வரி. காரிநம்பி எழுதிய வரி அது. வெள்ளம் வடிந்ததும் வேளான் அந்த வரியின்படி கதவை அகலத் திறந்து மகளை உள்ளே விட்டான். உயிரோடு இருந்தவளுக்கு இல்லாத வழி, செத்தபின் தடையின்றிக் கிடைத்தது. இதைச் சொல்லும்போது காரிநம்பிக்கு அவ்வரியை எழுதிய தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருக்கிறது.

பின்னால் சேந்தி பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். உயிருள்ள பிள்ளைக்குச் சாசனத்தில் வழி இல்லை. வேளான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். சேந்தி உள்ளே போனாள். மறுநாள் அவன் மூன்றாவது ஓலையை விடுத்தான். அதில் மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முத்திரை ஓலை இல்லாத ஓருயிரைத் தன் காவலில் உள்ளே விட்டது குற்றம் என்றும், அதற்குரிய தண்டனையைத் தனக்கு விதிக்க வேண்டும் என்றும் மட்டும் எழுதியிருந்தான். காரிநம்பி ஆறாம் கடவில் இருந்தபோது அந்த ஓலை அவன் கைக்கு வந்தது. அதைப் படித்த பிறகுதான் மண்டபத்துக் கட்டில் முதல் ஓலையும் அதன்மேல் இரண்டாவது ஓலையும் கிடக்கும் செய்தியையும் ஆள்விட்டு அறிந்தான்.

ஆகையால் தேவரீர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. பிரிந்ததால் வடவெல்லைப் போரில் இனி ஒரு வேளானின் மகன் சாக மாட்டான், அது உண்மை. பிரிந்ததால் இக்கடவில் ஒரு வேளானின் மகள் செத்தாள், அதுவும் உண்மை. கூட்டில் இருந்தபோது நம்மை ஆண்டவர் தொலைவில் இருந்தார்கள். அவர்கள் காதில் நம் குரல் விழவில்லை என்று சினந்தோம். இப்போது ஆள்கிறவன் எட்டு நாள் வழியில்தான் இருந்தான். அவன் காதிலும் விழவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் பொறிக்கும் தமிழ் காரிநம்பிக்குத் தெரியவில்லை. கல்லை நாட்டத்தான் வேண்டும் என்றால் வெறுங்கல்லாக நாட்டுக.

தேவரீர் ஆணையைக் கேளாமல், தன்னிடம் இருந்த அரச முத்திரையை இட்டு, காரிநம்பி ஏழு கடவுகளுக்கும் ஒரு கட்டளை விடுத்துவிட்டான். பேறுகாலத்துப் பெண் எவளாயினும், எந்நாட்டு அடுப்புக்கு உரியவளாயினும், ஓலை கேளாமல் கதவைத் திறக்க என்பது அதன் வாசகம். அது குற்றமாயின், முத்திரையைப் பறித்துக்கொண்டு தேவரீர் விதிக்கும் தண்டனைக்கு அவன் இக்கடவிலேயே காத்திருப்பான். ஆனால் கட்டளையை மட்டும் திரும்பப் பெறாதருள்க.

அக்கட்டளையின் முதற்படியை இக்கடவின் மண்டபத்தில் அமர்ந்தே எழுதினான். எழுத்தாணி கீறி, கரி பூசி, துடைத்து, முத்திரை ஒற்றும்வரை கூத்தன் வேளான் எதிரே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓலையை நீட்டியபோது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: “இவ்வளவு நேரந்தான் ஆகுமா, ஐயா?”

இவ்வளவு நேரந்தான் ஆகும் என்று காரிநம்பி சொன்னான்.

இது காரிநம்பி சொல்லச் சொல்லப் பொறித்து, அவன் கண்முன் கட்டி, அரக்கிட்டது. கோமகனார் குடிகள் நலம்பெற்று நிலைக்க.